கேட்டோரும் சொன்னோரும்: சமூக மானிடவியலும் யாழ்ப்பாணமும்

சமூக மானிடவியலை முதுமாணி வகுப்பிலே பயிலப் புகும் மாணவன் முதலில் கோட்பாடுகளைக் கற்கின்றான். உறவுமுறை, சமயம், பொருளாதாரம், அதிகாரம் என்று வகுக்கப்பட்ட பாடங்களைக் கேட்கின்றான். அதன்பின் குறிப்பேடும் கையுமாக ஓர் ஊருக்குச் சென்று தங்கி, அங்குள்ளாரோடு பேசிப் பழகி, அவர்தம் வாழ்வைப் பற்றி ஆய்வேடு ஒன்று எழுதுதல் வேண்டும். இளமாணி வகுப்பில் பிறர் எழுதியவற்றைப் படித்தால் ஒருவாறு போதும். முதுமாணி மாணவனோ தானே சென்று கேட்டு எழுத வேண்டியவனாகின்றான். பிற துறையினருக்கு இல்லாத சங்கடமொன்று அப்பொழுது அவனைப் பற்றிக்கொள்கின்றது. பாறையை ஆராய்பவனைப் பார்த்து, "எம்மைப் பற்றி எழுத நீ யார்? யாரைக் கேட்டு எழுதினாய்?" என்று பாறை வினவுவதில்லை. மனிதர் வினவுவர். இன்று வினவாவிடினும் ஒரு தலைமுறை கழித்தேனும் வினவுவர்.

யாழ்ப்பாணத்தவராகிய நாம் இத்துறைக்குப் புதியவரல்லர். மாணவராக அதனிடம் செல்வதற்கு வெகுகாலம் முன்னரே, ஆராயப்படும் பொருளாக அதன் ஏடுகளில் இடம்பெற்றுவிட்டோம். அந்த வரலாற்றை மருதனார்மடத்தில் நின்று நோக்குவது வசதியாக இருக்கும். இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையே காங்கேசன்துறை வீதியில் அமைந்த ஊர் அது. செம்மண் தோட்டங்களின் மரக்கறி வந்து குவியும் சந்தையும், சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1913 ஆம் ஆண்டிலே பெண்களுக்கென நிறுவிய கல்லூரியும் அங்கு உள்ளன. சந்தையில் விலை பேசுவோருக்கும் கல்லூரியில் பாடம் கேட்போருக்கும் தெரியாத ஒரு தொடர்பு இவ்வூருக்கும் மானிடவியலுக்கும் உண்டு. அதனைக் கூறுமுன் இன்னும் இருநூறு ஆண்டு பின்னே செல்லல் வேண்டும்.

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில், இங்குள்ளாரின் வழக்கங்களைத் தொகுத்துத் தருமாறு தேசாதிபதி சீமோன்ஸ் என்பவர் கட்டளையிட்டார். நீண்ட காலம் இங்கே வாழ்ந்த கிளாஸ் ஈசாக்ஸ் என்னும் அதிகாரி அப்பணியை முடித்து 1707 ஆம் ஆண்டில் ஒப்படைத்தார். அதுவே தேசவழமை. சீதனம், முதுசம், தேடியதேட்டம், ஒற்றி, அடகு, சுவீகாரம் என்று நம் பாட்டன்மார் நாவிலே வழங்கிய சொற்களெல்லாம் அதிலே சட்டமாயின. தொகுப்புச் சரிதானா என்று அறிய அதனைத் தமிழாக்கி, பன்னிரண்டு தமிழ் முதலிமாரிடம் கொடுத்தார்கள். அவர்கள் படித்துச் சரியெனக் கையொப்பமிட்டனர். 1806 இல் பிரித்தானியரும் அதனை ஏற்றனர். திருத்தங்களோடு இன்றும் அது நீதிமன்றத்திலே பேசப்படும் சட்டம்.

இப்பன்னிருவரைப் பற்றிச் சிறிது சிந்தித்தல் வேண்டும். தேசவழமையிலே அடிமைகளைப் பற்றிய பகுதி உண்டு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று பெயர் சுட்டி, அவர் கடமையும் ஆண்டான் உரிமையும் அதில் எழுதப்பட்டுள்ளன. மனைவியின் சொத்தைப் பற்றியும் கணவனின் அதிகாரத்தைப் பற்றியும் விதிகள் உண்டு. ஆயின் "வழக்கம் இதுதானா?" என்று நளவர் ஒருவரையோ, பள்ளர் ஒருவரையோ, பெண்ணொருத்தியையோ எவரும் கேட்டாரில்லை. நிலமும் ஆளும் உடையோர் தமது விருப்பத்தை ஊரின் வழக்கமென்று சொன்னார்கள். அந்நிய அதிகாரி அதனை எழுதிக்கொண்டான். எழுதப்பட்டபின் அது சாட்சியமாயிற்று. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844 இல். இடைப்பட்ட 137 ஆண்டுகளில் தன் நிலையை எதிர்த்து வாய் திறக்க முயன்ற எவருக்கும் எதிரே, பன்னிரண்டு கையொப்பங்களோடு கூடிய அந்த ஏடு நின்றது. மானிடவியல் என்ற பெயர் பிறப்பதற்கு முன்னரே அதன் முதற் கேள்வி யாழ்ப்பாணத்திலே பிறந்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்மவரே எழுதத் தொடங்கினர். கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி தமிழரின் சாதிகளையும் வழக்கங்களையும் இலக்கியத்தையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதிவைத்தார். அந்நூல் அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து 1934 இல் அச்சேறியது. அவருடைய உழைப்பு வியக்கத்தக்கது. ஆயினும் நமது கதைக்கு முக்கியமானவர் மருதனார்மடத்துக் கல்லூரியை நிறுவிய இராமநாதனே.

1888 ஆம் ஆண்டு, ஆசிய வேத்தியற் சங்கத்தின் இலங்கைக் கிளையிலே, இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி இராமநாதன் ஒரு கட்டுரை படித்தார். சோனகர் பேசும் மொழி தமிழ். அவர்தம் திருமண வழக்கங்களிலே தமிழர் வழக்கம் காணப்படுகின்றது. உடற் சாயலும் வேறன்று. ஆகவே சிறு தொகையினர் நீங்கலாக, அவர்கள் இஸ்லாத்தைத் தழுவிய தமிழரே என்பது அவர் முடிவு. கட்டுரையில் கல்விச் செறிவு உண்டு, தேடலும் உண்டு. ஆனால் அதனைப் படித்தவர் வெறும் அறிஞராக அங்கே நிற்கவில்லை. 1879 தொடக்கம் சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியாக அமர்ந்திருந்தவர் அவர். சோனகருக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்ற வாதம் எழுந்திருந்த வேளை அது. சோனகர் தமிழரே என்று இனவியல் நிறுவுமாயின் தனி ஆசனத்துக்கு நியாயம் இல்லாது போகும். அடுத்த ஆண்டே அரசாங்கம் சோனகருக்கு ஓர் ஆசனம் அளித்தது. ஆயினும் கட்டுரை ஏற்படுத்திய புண் ஆறவில்லை. 1907 இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் என்னும் சோனக அறிஞர், இராமநாதனின் கூற்றுகளை ஒன்றொன்றாக எடுத்து மறுத்து ஒரு நூல் வெளியிட்டார்.

இவ்விருவரில் யார் சொன்னது வரலாற்று உண்மை என்று தீர்ப்புக் கூறுவது எம் நோக்கமன்று. ஒரு மக்கள் கூட்டத்தின் மூதாதையர் யாவர் என்பது ஒரு கேள்வி. அம்மக்கள் இன்று தம்மை யாரென்று கருதுகின்றனர் என்பது இன்னொரு கேள்வி. முதற் கேள்விக்குத் தாம் கண்ட விடையைக் கொண்டு இரண்டாவதை மூடிவிட முயன்றார் இராமநாதன். அஸீஸின் மறுப்பிலே நாம் கேட்பது, ஆராயப்பட்ட பொருள் எழுந்து நின்று ஆராய்ந்தவனைக் கேள்வி கேட்கும் குரல். இந்நாட்டு மானிடவியலின் முதற் பெரும் விவாதம் என இதனைக் கொள்ளலாம். முதுமாணி மாணவர்க்கு இவ்விரு நூல்களையும் ஒன்றாகக் கட்டிப் படிக்கக் கொடுத்தல் நன்று.

பெண்களுக்குக் கல்லூரி கட்டிய அதே பெரியார், 1928 இல் சட்டநிரூபண சபையிலே பெண்களுக்கு வாக்குரிமை அளிப்பதை எதிர்த்தார் என்பதையும் இங்கே குறித்தல் தகும். சர்வசன வாக்குரிமை அவர் மறைந்த மறு ஆண்டில், 1931 இல், நடைமுறைக்கு வந்தது. ஒருவரது கொடையை நன்றியோடு நினைப்பதும் அவரது வர்க்கத்தின் எல்லையை அறிவதும் ஒருங்கே செய்யத்தக்கவையே.

இனி மேல்நாட்டை நோக்குவோம். 1915 முதல் 1918 வரையான காலத்தில் மலினோவ்ஸ்கி என்னும் போலந்து நாட்டறிஞர் பசிபிக் கடலின் துரோப்ரியாண்டுத் தீவுகளிலே கூடாரமடித்துத் தங்கி, தீவினரின் மொழியைக் கற்று, அவர்களோடு நாட்கழித்து, 1922 இல் தம் நூலை வெளியிட்டார். அதுகாறும் பாதிரிமாரும் அதிகாரிகளும் அனுப்பிய குறிப்புகளை நூலகத்திலிருந்து தொகுத்துக்கொண்டிருந்த துறை, அதன்பின் ஊருக்குள் வந்தது. அவருடைய மாணவருள் ஒருவரான எட்மண்ட் லீச் 1954 இல் இலங்கை வந்து, வட மத்திய மாகாணத்துப் புல் எலிய என்னும் சிங்களக் கிராமத்தை ஆராய்ந்தார். 1961 இல் வெளிவந்த நூலிலே, உறவுமுறை என்பது தனித்து நிற்கும் ஒன்றன்று. நிலத்தையும் நீரையும் பற்றிய உறவுகளைப் பேசும் ஒரு மொழி அது என்ற கருத்தை அவர் வற்புறுத்தினார். கேம்பிரிட்ஜ் பேராசான் ஒருவர் வயல் வரப்புகளை அளந்து கண்ட இவ்வுண்மையை, கலியாணப் பேச்சில் தோட்டக் காணியின் பரப்பைக் கேட்டறிந்த பின்னரே மாப்பிள்ளையின் குணத்தைப் புகழத் தொடங்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர்!

யாழ்ப்பாணத் தமிழரை இம்முறையில் ஆராய்ந்தவர் மைக்கல் பாங்ஸ். யாழ்ப்பாணத்து உறவுமுறை, திருமணம், மரபுரிமை ஆகியவற்றைப் பற்றிய அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வேடு 1957 இல் கேம்பிரிட்ஜில் ஏற்கப்பட்டது. யாழ்ப்பாணத்துச் சாதியைப் பற்றிய அவரது கட்டுரை லீச் பதிப்பித்த தொகுதியிலே 1960 இல் வெளிவந்தது. வேளாளர் என்ற பெருஞ்சாதிக்குள்ளே, தமக்குள் மட்டும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் "சொந்தக்காரர்" என்னும் சிறு வட்டங்கள் இருப்பதை அவர் தெளிவாகக் கண்டார். அந்நியன் ஒருவன் இதனைக் கண்டது சிறிதன்று. மாமன் மகள் முறைப்பெண் ஆவதும் சித்தப்பன் மகள் தங்கை ஆவதும் ஏன் என்று புரிந்துகொள்ள ஐரோப்பிய மாணவனுக்கு மாதக்கணக்கில் ஆகும். படம் வரைந்து, குறியிட்டு, கோடிழுத்துப் படிப்பான். நம் வீட்டு ஐந்து வயதுக் குழந்தைக்கு அது மழலையோடு வந்துவிடுகிறது.

ஆனால் அக்குழந்தைக்குத் தெரியாதது ஒன்றுண்டு. தேநீர்க் கடையிலே ஒருவருக்குப் பேணியிலும் மற்றொருவருக்குப் போத்தலிலோ சிரட்டையிலோ ஏன் கொடுக்கிறார்கள் என்று அது கேட்பதில்லை. கேட்டால் வாயை மூடென்பார்கள். வளர்ந்தபின் அது கண்ணுக்கே படாது போய்விடும். அந்நியனுக்கு அது படும். இங்கேதான் அந்நியனின் பயன் இருக்கிறது. அவனுடைய குறையும் இங்கேதான் இருக்கிறது. ஊருக்கு வந்த வெள்ளைக்காரர் யார் வீட்டில் தங்குவார்? யார் நாற்காலி கொடுப்பார்? யாருக்கு ஆங்கிலம் தெரியும்? நாற்காலியும் ஆங்கிலமும் உள்ள வீட்டிலிருந்தே ஊர் அவருக்குக் காட்டப்படுகிறது. அத்திண்ணையிலிருந்து நோக்கினால் சாதி ஓர் ஒழுங்காக, ஒவ்வொருவரும் தத்தம் கடமை அறிந்து இயங்கும் ஒரு கட்டுக்கோப்பாகத் தோன்றும். பன்னிரண்டு முதலிமாரின் நிழல் இருநூற்றைம்பது ஆண்டு கழிந்தும் நீங்கவில்லை.

அக்கட்டுரை வெளிவந்து ஆறு ஆண்டுகளில் ஒழுங்கு தெருவுக்கு வந்தது. 1966 ஒக்டோபர் 21 அன்று, சாதிக் கொடுமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் முற்றவெளியை நோக்கி ஓர் ஊர்வலம் புறப்பட்டது. பொதுவுடைமைக் கட்சியின் ஒரு பிரிவினர் ஒழுங்கு செய்த அவ்வூர்வலத்தைப் பொலிசார் தடியால் அடித்துக் கலைக்க முயன்றனர், ஊர்வலம் கலையவில்லை. சுன்னாகத்திலிருந்து நகருக்குச் செல்லும் காங்கேசன்துறை வீதி மருதனார்மடத்து ஊடாகவே செல்கின்றது. சோனகரின் இனவியலை எழுதியவர் கட்டிய கல்லூரி நிற்கும் ஊரையும் கடந்து செல்லும் அவ்வழியே, எந்த இனவியல் ஏட்டிலும் தம் வாய்மொழி பதியப் பெறாத மனிதர் நகரை நோக்கிச் சென்றனர். அதனைத் தொடர்ந்து தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே நுழைவுப் போராட்டம் மூண்டது. கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம், நுழைய வந்தோரைத் தடுக்க முன்னின்றார். படிப்புக்கும் சமத்துவ உணர்வுக்கும் தொடர்பு உண்டென்று நம்பியிருந்தோருக்கு அது ஒரு பாடம்.

அவ்வியக்கத்தில் நின்ற கே. டானியல் 1972 இல் "பஞ்சமர்" நாவலை வெளியிட்டார். அதனை இலக்கியமென்று ஏற்கலாமா என்று தயங்கிய பண்டிதர் உண்டு. கதைக் கட்டமைப்பிலே குறை காண்போர் காண்க. யாழ்ப்பாணத்து ஊரொன்றின் வேலி, கிணறு, பனங்கூடல், கள்ளுக்கொட்டில், கோயில் வெளிவீதி ஆகியவற்றிலே அதிகாரம் எவ்வாறு இயங்குகின்றது என்பதைக் கீழிருந்து நோக்கி எழுதிய ஏடு அதுபோன்று வேறில்லை. பாங்ஸின் கட்டுரையையும் டானியலின் நாவலையும் அடுத்தடுத்துப் படிப்பவன் ஒரே ஊரை இரண்டு வாயில்களால் நுழைந்து பார்த்தவனாவான். 1707 இல் கேட்கப்படாதவர், கேட்பார் வருமளவும் காத்திராது, தாமே எழுதிவிட்டார் என்பதே அதன் சிறப்பு.

பின்வந்த ஆய்வாளரும் இதனால் பயன் பெற்றனர். கெனத் டேவிட் என்பார் வேளாண் ஊரில் மட்டும் நில்லாது மீனவர் ஊரையும் கைவினைஞர் ஊரையும் ஒப்பிட்டு, கட்டுப்பட்ட உறவும் கட்டுப்படா உறவும் ஒரே சமூகத்திலே அருகருகே வாழ்வதைக் காட்டினார். பிரையன் பஃபன்பெர்கர் 1982 இல் யாழ்ப்பாணத்து வேளாளர் மேலாதிக்கத்தின் சமய அடிப்படையைப் பற்றி ஒரு நூலும், 1990 இல் மாவிட்டபுர நெருக்கடியைப் பற்றித் தனியே ஒரு கட்டுரையும் எழுதினார். கடல் கடந்து தஞ்சையிலே இவ்வகை ஆய்வு செய்த காத்லின் கஃப் அம்மையாரை இவ்விடத்தில் நினையாதிருக்க இயலாது. 1951 தொடக்கம் தஞ்சைக் கிராமங்களில் வாழ்ந்து அக்கிரகாரத்தையும் சேரியையும் ஒருங்கே ஆராய்ந்த அவர், மானிடவியல் ஏகாதிபத்தியத்தின் குழந்தை என்று 1968 இல் துணிந்து எழுதினார். தான் உண்ட வீட்டின் கணக்கைத் தானே கேட்ட நேர்மை அது.

இந்நாட்டார் இத்துறையைப் பயின்ற கதையும் இன்பமானதன்று. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பயின்று கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1954 இல் கலாநிதிப் பட்டம் பெற்ற எஸ். ஜே. தம்பையா, திரும்பி வந்து இங்கே சமூகவியல் கற்பித்தார். 1956 இல் மாணவரோடு கல்லோயாக் குடியேற்றத்தில் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தபோது அங்கே இனக்கலவரம் மூண்டது. சில ஆண்டுகளில் அவர் நாட்டை விட்டு நீங்கித் தாய்லாந்தின் கிராமங்களையும் பௌத்தத்தையும் ஆராய்ந்து உலகப் புகழ் எய்தினார். ஹார்வார்டிலே பேராசிரியராக இருந்து 2014 இல் மறைந்தார். தன் நாட்டிலே களம் மறுக்கப்பட்ட ஒருவரின் புகழைக் கண்டு நாம் பெருமைப்படுவதா, நாணுவதா?

1974 இல் யாழ்ப்பாணத்துக்குப் பல்கலைக்கழக வளாகம் வந்தது. திருநெல்வேலியில் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களிலேயே அது தொடங்கிற்று. முதல் தலைவர் க. கைலாசபதி. மருதனார்மடத்து இராமநாதன் இசைக் கழகமும் 1975 இல் அதனோடு இணைந்தது. அருகிலுள்ள இணுவில், நாதசுரத்துக்கும் தவிலுக்கும் பெயர்போன ஊர். ஆடலும் பாடலும் கற்பிக்கும் கழகம் மானிடவியலுக்கு அயலானது என்று எண்ணற்க. யார் எக்கருவியை வாசிக்கலாம், எவ்விசை மண்டபத்துக்கு உரியது, எப்பறை வீதிக்கு உரியது என்னும் கேள்விகளெல்லாம் சமூக அமைப்பைப் பற்றிய கேள்விகளே. பேராதனையிலே சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தர்களைத் தேடிச் சென்று, 1960களில் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். அவர் வழியில் வந்த சி. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து யாழ்ப்பாணத்திலே கலாநிதிப் பட்டம் பெற்றார். தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் வழிபாடு எழுச்சி பெற்றதைச் சமூக மாற்றத்தோடு இணைத்து ஆராய்ந்த என். சண்முகலிங்கன், பிற்காலத்தில் இப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். கா. சிவத்தம்பி யாழ்ப்பாணச் சமூகத்தின் உருவாக்கத்தைப் பற்றித் தமிழிலேயே எழுதினார். தமிழிலே எழுதப்படுவது முக்கியம். பாங்ஸின் ஆய்வேட்டைப் பிழையென்று சொல்லக்கூடிய கிழவிக்கு அது எட்டவே இல்லை. தமிழில் எழுதினால் எட்டும், எட்டினால் மறுப்பாள்.

போர் இவையனைத்தையும் கலைத்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்துச் சோனகர் 70,000 பேருக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்துச் சோனகருக்குக் கிடைத்தது சில மணி நேர அவகாசமே. 1888 இல், நீங்கள் தமிழரே, உமக்குத் தனி ஆசனம் எதற்கு என்று சொல்லப்பட்டது. 102 ஆண்டுகளின் பின், நீங்கள் தமிழரல்லர், உமக்கு இங்கே இடமில்லை என்று சொல்லப்பட்டது. இரு வேளைகளிலும் அவர்களை எவரும் கேட்கவில்லை. புத்தளத்து முகாம்களிலே வாழ்ந்த அம்மக்களிடமும், யாழ்ப்பாணம் விட்டுப் பெயர்ந்த தமிழரிடமும் சென்று கேட்டு எழுதியவர் ஷரிகா திராணகம. வீடு என்னும் சொல் போரினால் என்னவாயிற்று என்பதைப் பற்றிய அவருடைய நூல் 2011 இல் வெளிவந்தது. அவர் யாழ்ப்பாணத்துப் பெண். 1989 இல் யாழ்ப்பாணத்திலே சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திராணகமவின் மகள். அஸீஸ் நூலால் மறுத்ததற்கு ஒரு யாழ்ப்பாணத்தவரிடமிருந்து வந்த தகுந்த விடை, அவர்தம் சமூகத்தார் சொன்னதைப் பொறுமையாகக் கேட்ட இந்நூலே என்று நாம் கருதுகின்றோம்.

இன்று முதுமாணி ஆய்வுக்கு ஊர் தேடும் மாணவனுக்கும் மாணவிக்கும் பழைய இலக்கணத்து ஊர் கிடையாது. 1995 இல் குடாநாட்டின் பெரும்பகுதி ஒரே நாளில் பெயர்ந்தது. மாவிட்டபுரம் உள்ளிட்ட வலிகாமம் வடக்கின் பல ஊர்கள் நெடுங்காலம் இராணுவ வலயத்துள் அடைபட்டுக் கிடந்தன. சொந்தக்கார வட்டம் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் கூடிக் கலியாணம் பேசுகின்றது. சீதனம் வேறு நாணயத்தில் எண்ணப்படுகின்றது. எந்தக் கோயிலில் யார் உள்ளே, யார் வெளியே என்ற வழக்கு முற்றும் தீர்ந்துவிடவுமில்லை. ஆராய்வதற்குப் பொருள் குறைவில்லை.

எனினும் ஒன்றனுக்கு மட்டும் காலம் குறுகிவருகின்றது. 1966 ஒக்டோபர் 21 அன்று இருபது வயதினராய்ச் சுன்னாகத்திலிருந்து நடந்தவர் இன்று எண்பதைத் தொட்டு நிற்கின்றனர். ஊர்வலத்தைத் தலைமை தாங்கியோர் பெயர்கள் நூல்களில் உள்ளன. பின்வரிசையில் நடந்தவர் யாவர், எவ்வூரினர், அன்று காலை வீட்டிலே என்ன சொல்லிப் புறப்பட்டனர், மறுநாள் காணிக்காரனிடம் வேலைக்குச் சென்றபோது என்ன நேர்ந்தது, கிணற்றடியிலே அவர்தம் மனைவியர் எதனைச் சந்தித்தனர் என்பன இன்னும் அவர்கள் வாயிலேயே இருக்கின்றன. மருதனார்மடத்துச் சந்தியிலிருந்து சைக்கிளில் சென்றால் சிறிது நேரத்தில் அவர்களுள் சிலரை அடையலாம். காலை வேளையில் செல்வது நல்லது. வெயில் ஏறினால் அவர்கள் அயர்ந்துவிடுவார்கள்.